பிறந்தபோது தெரியாத நோய் ஆறாம் மாதம் எங்கிருந்து வந்தது?
வாசகர் கேள்வி – பதில்: ஹீமோகுளோபின் சிறப்புப் பகுதி

சேலம் வாசகி: என் மகளுக்கு 9 மாதம். பிறந்தபோது எடை 3 கிலோ, ஹீமோகுளோபின் 16. ஆறாம் மாதத்துக்குப் பிறகு வெளிறிப்போனாள். பால் குடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இப்போது ஹீமோகுளோபின் 5, ‘பீட்டா தலசீமியா மேஜர்’ என்கிறார்கள். பிறவி நோய் என்றால் பிறந்த அன்றே தெரிந்திருக்க வேண்டாமா? என் பாலில்தான் சத்து இல்லை என்று வீட்டில் பேச்சு.

முதலில் வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள்: தாய்ப்பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரு உண்டான நாளிலேயே குறை இருந்தது. பழுதான மரபணுவுக்கு அதுவரை வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த உருண்டை. இரண்டு சங்கிலிகள் ஆல்ஃபா வகை, மற்ற இரண்டு பீட்டா வகை. ஆல்ஃபா குடும்பத்து மரபணுக்கள் 16-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. பீட்டா குடும்பம் 11-ஆம் குரோமோசோமில் எப்சிலான், காமா இரண்டு, டெல்டா, பீட்டா என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. எந்த வயதில் எது வேலை செய்யுமோ, ஏறக்குறைய அதே வரிசை. கருவின் முதல் வாரங்களில், கருவுணவுப்பையில் ரத்தம் ஊறும்போது எப்சிலான். பிறகு கல்லீரல் அந்த வேலையை ஏற்கும்போது காமா. கடைசி மாதங்களில் எலும்பு மஜ்ஜை பொறுப்பேற்கும்போது பீட்டா மெல்லத் தலைதூக்குகிறது. ஆல்ஃபாவோடு காமா சேர்ந்தால் சிசு ஹீமோகுளோபின். ரிப்போர்ட்டில் ‘எச்பி எஃப்’ என்று போடுவது இதைத்தான். பீட்டா சேர்ந்தால் ‘எச்பி ஏ’. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் எச்பி எஃப்புக்குப் பிடிமானம் கொஞ்சம் கூடுதல்.

பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் 60 முதல் 80 சதவீதம் எச்பி எஃப்தான். உங்கள் மகளிடம் அன்று இருந்த 16-இல் குறையே கிடையாது, ஏனென்றால் காமா மரபணுக்கள் நன்றாக இருக்கின்றன. அடுத்த ஆறு மாதத்தில் காமா இறங்க வேண்டும், பீட்டா ஏற வேண்டும். காமா தன் நேரப்படி இறங்கிவிட்டது. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று வந்த இரண்டு பீட்டா பிரதிகளும் பழுது என்பதால் ஏற வேண்டியது ஏறவில்லை. இந்த மாற்றம் பிரசவத்தால் தூண்டப்படுவதும் அல்ல. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கும் கரு உண்டான நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய அதே காலத்தில்தான் நடக்கும். கடிகாரம் சிவப்பணுவைப் பிறப்பிக்கும் செல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த வரிசைக்கு மேலே, எப்சிலானையும் தாண்டி, டி.என்.ஏ.வில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. எல்.சி.ஆர். என்று அழைப்பார்கள். அது வளைந்து வந்து எந்த மரபணுவைத் தொடுகிறதோ அதுதான் பெருமளவில் ஓடும். பீட்டா மரபணு துளியும் பழுதில்லாமல், மேலே உள்ள இந்தப் பகுதி மட்டும் அறுந்துபோன குடும்பம் ஒன்று நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது; அவர்களுக்கும் தலசீமியா. 1987-இல் ஃபிராங்க் கிராஸ்ஃபெல்ட் குழு இந்தப் பகுதியையும் பீட்டா மரபணுவையும் சேர்த்து எலிக்குள் வைத்தபோது, எலியின் சிவப்பணுவில் மனித பீட்டா முழு வேகத்தில் ஓடியது. விளக்கு நன்றாக இருந்தும் மெயின் ஒயர் அறுந்தால் எரியாது என்பதுபோல.

இனி உங்கள் மகளுக்கு வருவோம். பீட்டா இல்லாததைவிடப் பெரிய தொல்லை, துணையில்லாமல் மிஞ்சும் ஆல்ஃபா. அது கட்டியாகப் படிந்து, சிவப்பணுக்களை மஜ்ஜைக்குள்ளேயே கொன்றுவிடுகிறது. மஜ்ஜை விடாமல் முயன்று வீங்குகிறது. முக எலும்பு புடைப்பதும் மண்ணீரல் பெருப்பதும் அதனால்தான். ஒழுங்காக ரத்தம் ஏற்றினால் இந்த வீண் உழைப்பு அடங்கும். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5-க்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இதற்குப் பொதுவாக 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியிருக்கும். ‘குழந்தை சோர்ந்தால் வாருங்கள்’ என்று விட்டுவிடும் இடத்தைவிட, தேதி குறித்துக் கூப்பிடும் மையத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. 10 முதல் 20 முறை ஏற்றிய பிறகோ ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் புரதம்) 1,000-ஐத் தாண்டும்போதோ இரும்பை நீக்கும் மருந்து தொடங்க வேண்டும்.

தஞ்சாவூர், பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர்: சிவப்பணுவில் நியூக்ளியஸ் இல்லை என்று பாடம் நடத்துகிறோம். ‘அப்படியானால் மரபணு எங்கே, ஹீமோகுளோபின் எப்படி உருவாகிறது?’ என்று ஒரு மாணவி கேட்டாள்.

நியூக்ளியஸைத் தொலைப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுகிறது என்று அந்த மாணவியிடம் சொல்லுங்கள்.

மஜ்ஜையில் புரோஎரித்ரோபிளாஸ்ட் என்ற பெரிய செல் நான்கைந்து முறை பிளவுபடுகிறது. ஒவ்வொரு பிளவிலும் செல் சிறுக்கிறது, நியூக்ளியஸ் இறுகுகிறது. சாயமிட்டுப் பார்த்தால் சைட்டோபிளாசம் முதலில் கடும் நீலம். அது ரைபோசோம் கூட்டம். பிறகு நீலமும் சிவப்பும் கலந்த சாம்பல், கடைசியில் இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். இதற்குள் கேட்டா1, கேஎல்எஃப்1 என்ற புரதங்கள் குளோபின் மரபணுக்களை முழு வீச்சில் ஓட விட்டிருக்கும். பிறகு செல் தன் நியூக்ளியஸை வெளியே தள்ளும். பக்கத்தில் நிற்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் அதை விழுங்கிவிடும். மிச்சம் இருப்பது ரெட்டிகுலோசைட். அதற்குள் மரபணு இல்லை, ஆனால் குளோபினுக்கான தூது ஆர்.என்.ஏ. நிறைய இருக்கிறது. மொத்த ஹீமோகுளோபினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் கட்டத்தில்தான் தயாராகிறது.

மற்ற தூது ஆர்.என்.ஏ.க்கள் சிதைந்தபின்னும் குளோபினுடையது நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆல்ஃபா தூது ஆர்.என்.ஏ.வின் வால் பக்கத்தில் ஒரு புரதம் பூட்டுப்போல உட்கார்ந்து காக்கிறது. ‘கான்ஸ்டன்ட் ஸ்ப்ரிங்’ என்ற மரபுப் பிறழ்வில் ‘நிறுத்து’ என்ற குறிச்சொல் கெட்டுப்போகிறது. ரைபோசோம் நிற்காமல் மேலும் 31 அமினோ அமிலம் தூரம் ஓடி, அந்தப் பூட்டைத் தட்டிவிடுகிறது. ஆர்.என்.ஏ. சீக்கிரமே சிதைந்து, ஆல்ஃபா தலசீமியா வருகிறது. ஓர் எழுத்துப் பிழைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்து லேபில் கேளுங்கள். ரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த ரத்தம் இரண்டு மூன்று சொட்டு, அதே அளவு நியூ மெத்திலீன் ப்ளூ சாயம், 37 டிகிரியில் 15 நிமிடம். மீண்டும் கலக்கிவிட்டு ஸ்லைடில் பரப்பி, எண்ணெய் லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். நூறு அணுக்களில் ஒன்றிரண்டுக்குள் நீல நூல்வலை தெரியும். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் கடைசி மிச்சம் அது. மஜ்ஜையிலிருந்து வெளியே வந்து ஓரிரு நாளில் அதுவும் மறைந்துவிடும். பிறகு 120 நாள் வரை அந்த அணு இருப்பதை வைத்தே ஓட்டுகிறது.

தர்மபுரி வாசகி: எனக்கு 9 வாரக் கர்ப்பம். ஹீமோகுளோபின் 10.9, சிவப்பணு எண்ணிக்கை 53 லட்சம், எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 66, ஃபெரிட்டின் 9. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில் எச்பி ஏ2 3.6 சதவீதம். ‘பார்டர்லைன், இரும்பு மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டு மறுபடி எடுங்கள்’ என்கிறார் லேப்காரர்.

மாத்திரை சாப்பிடுங்கள், ஆனால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். கர்ப்பமில்லாதவருக்குச் சரியான ஆலோசனை அது. உங்களுக்கு நேரம் இல்லை. இந்த வாரமே கணவருக்கு ரத்தம் எடுங்கள்: முழு ரத்த எண்ணிக்கையும் எச்.பி.எல்.சி.யும். 2 மில்லி ரத்தம் போதும்.

உங்கள் எண்களைப் பாருங்கள். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால், மில்லியனில், வகுத்தால் 66 ÷ 5.3 = 12.5. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியர் (ஒரு பிரதி மட்டும் பழுதானவர்) பக்கம் சாய்கிறது. வெறும் இரும்புச் சத்துக் குறை என்றால் பெரும்பாலும் 13-ஐத் தாண்டும். இது சந்தேகத்தை எழுப்பும் கணக்குதான், தீர்ப்பு இல்லை. ஆனாலும் கர்ப்ப காலத்தில், ஃபெரிட்டின் 9-ஆக இருக்கும்போது, எண்ணிக்கை 53 லட்சம் என்பது கண்ணில் படுகிறது.

எச்பி ஏ2 என்பது ஆல்ஃபாவும் டெல்டாவும் சேர்ந்தது. டெல்டா மரபணுவின் முகப்பில் கேஎல்எஃப்1 உட்காரும் இடம் சிதைந்திருப்பதால் அது எப்போதும் மந்தமாகத்தான் ஓடும். சாதாரணமாக 2 முதல் 3.5 சதவீதம்தான். பீட்டா கேரியருக்குப் பீட்டா பாதியாவதால், போட்டி குறைந்து டெல்டாவுக்குக் கூடுதல் ஆல்ஃபா கிடைக்கிறது. அளவு பெரும்பாலும் 4-ஐத் தாண்டும். இரும்புக் குறையில் ஆல்ஃபாவே தட்டுப்பாடு. இருப்பதைப் பீட்டா முந்திக்கொள்ள, ஏ2 இறங்குகிறது. ஆக, உங்கள் 3.6 உண்மையில் 4-க்கு மேல் இருக்க வேண்டியதாக இருக்கலாம். பி12 குறை இருந்தால் இதற்கு நேரெதிராக ஏ2 கொஞ்சம் ஏறிக் காட்டும்.

கணவரின் எம்.சி.வி. 80-க்கு மேல், ஏ2 3-க்குக் கீழ், வேறு விநோத ஹீமோகுளோபின் எதுவும் இல்லை என்று வந்தால் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வரும் பயம் ஏறக்குறைய இல்லை. அவரும் கேரியர் என்றால், அல்லது பீட்டாவின் வேறு மாற்றங்களான எச்பி எஸ் (சிக்கிள் செல்), எச்பி இ கேரியர் என்றால், உடனே இருவருக்கும் டி.என்.ஏ. பரிசோதனை. இந்தியாவில் அதிகம் காணப்படும் பீட்டா பிறழ்வு ஐ.வி.எஸ். 1-5 என்பது, அதில் தொடங்கித்தான் தேடுவார்கள். இருவரின் பிறழ்வும் தெரிந்தால்தான் கருவில் எதைத் தேடுவது என்று தெரியும். நஞ்சுக்கொடித் திசு எடுக்கும் பரிசோதனை 11 முதல் 13 வாரத்துக்குள். எடுத்த திசுவில் தாயின் செல் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இருவரும் பீட்டா கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜர் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தை நன்றாக இருப்பதால் அடுத்ததற்குக் குறைந்துவிடாது.

ஏ2 10 சதவீதத்துக்கு மேல் என்று யாருக்காவது வந்திருந்தால் அது பெரும்பாலும் எச்பி இ. கருவியில் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்குவதால் ஏ2 என்றே அச்சாகிவிடும். ரத்தம் ஏற்றி மூன்று மாதத்துக்குள் எடுத்த எச்.பி.எல்.சி. தானம் கொடுத்தவரின் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டும்; அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

திருப்பூர் வாசகர்: பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக்கீரை சாப்பிட்டால் தலசீமியா குறையுமா?

குறையாது. கேரியருக்கு இவை சாதாரணச் சாப்பாடு. இரும்புக் குறை நிரூபணமானால் மட்டும் இரும்பு மாத்திரை. மேஜர் குழந்தைக்கு இரும்பு டானிக் எதுவும் கூடாது; ‘ரத்தம் ஊற’ என்று கடையில் வாங்கும் சிரப்புகள் அனைத்தும் இதில் சேர்த்தி. மேஜர் உள்ளவர் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தால் உணவிலிருந்து இரும்பு ஏறுவது கொஞ்சம் குறையும்.

கூடலூர் வாசகர்: என் அக்கா மகனுக்கு 6 வயது, 18 கிலோ, சிக்கிள் செல் நோய். ஹைட்ராக்சியூரியா எழுதியிருக்கிறார்கள். அது கேன்சர் மருந்து என்று இணையத்தில் இருக்கிறது. கொடுக்கலாமா? இந்த நோய் நம் மலைக்கு எப்படி வந்தது?

இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே உங்கள் நீலகிரியில்தான். 1952-இல் லேமனும் கட்புஷும் மலையின் பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். மலேரியா இருந்த காட்டில் ஒரு பிரதி மட்டும் உள்ள கேரியர் தப்பிப் பிழைத்ததால் நிலைத்த மரபு இது.

மருந்து கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். 1948-இல் ஜேனட் வாட்சன் என்ற நியூயார்க் குழந்தை மருத்துவர், சிக்கிள் உள்ள பச்சிளங்குழந்தைகளின் அணுக்கள் அவ்வளவாக வளைவதில்லை என்பதைக் கவனித்து, சிசு ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்று ஊகித்தார். இந்த நோயில் உருவாகும் எச்பி எஸ், ஆக்சிஜனை இழந்ததும் ஒன்றோடொன்று கோத்துக் கம்பியாகி, அணுவை அரிவாள்போல வளைக்கும். காமா சங்கிலி நடுவில் வந்தால் அந்தக் கோவை அறுந்துவிடும். ஹைட்ராக்சியூரியா வேகமாகப் பிளவுபடும் செல்களைக் கொஞ்சம் அடக்குகிறது. மஜ்ஜை அவசரமாக ஆரம்பக் கட்ட முன்னோடி செல்களிலிருந்து சிவப்பணு தயாரிக்கிறது. அவற்றில் காமா இன்னும் முழுதாக அணைந்திருக்காது. கேன்சருக்குக் கொடுப்பதும் இதே மருந்துதான். சிக்கிளுக்கு அமெரிக்காவில் 1998 முதல் அனுமதி உண்டு.

அளவு கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி. என்று தொடங்கும், 18 கிலோவுக்கு 180 முதல் 360 மி.கி. கடையில் எளிதில் கிடைப்பது 500 மி.கி. கேப்சூல். அதை வீட்டில் உடைத்துப் பாதி பாதியாகக் கொடுக்காதீர்கள். தினசரி அளவு வரும்படி எப்படிக் கொடுப்பது, கரைசலாகவா நாள் மாற்றியா என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் மருந்தைத் தொட வேண்டாம். முதலில் மாதம் ஒருமுறை ரத்த எண்ணிக்கை: நியூட்ரோபில் என்ற வெள்ளணு 2,000-க்கும் தட்டணு 80,000-க்கும் கீழே போகாமல் அளவை ஏற்றிக்கொண்டு போவார்கள். இறங்கினால் நிறுத்தி, எண்ணிக்கை தேறியபின் குறைந்த அளவில் தொடர்வார்கள். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். எம்.சி.வி. ஏறினால் மருந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏறவில்லையென்றால் மருத்துவர் முதலில் கேட்பது ‘தினமும் கொடுக்கிறீர்களா?’ என்றுதான்.

எச்பி எஃப் சராசரி எவ்வளவு என்பதோடு, எத்தனை அணுக்களில் என்பதும் முக்கியம். 10 சதவீதம் முழுவதும் பாதி அணுக்களுக்குள் மட்டுமே அடைந்திருந்தால் மறுபாதிக்குக் காப்பு கிடையாது. நம் நாட்டுச் சிக்கிள் குடும்பங்கள் பலவற்றில் காமா மரபணுவின் முகப்பில், −158-ஆம் இடத்தில் (மரபணு தொடங்குவதற்கு 158 எழுத்து முன்னால்), எச்பி எஃப்பை இயல்பாகவே கூட்டும் ஒரு மாற்றம் சேர்ந்து வருகிறது. அதனால் சிலருக்கு நோய் மிதமாக இருக்கும். அதை நம்பி மருந்தை விட்டுவிட வேண்டாம். காய்ச்சல், நெஞ்சுவலி, திடீர் வயிற்று வீக்கம் எதுவானாலும் அன்றே மருத்துவமனை.

சென்னை, ஆய்வு மாணவி: ஆய்வகத்தில் வளர்க்கும் கே562 செல்லில் 50 மைக்ரோமோலார் ஹீமின் (ஹீமோகுளோபின் உருவாவதைத் தூண்ட), 4 நாள். செல் உருண்டை சிவக்கிறது, ஆர்.என்.ஏ.வை அளக்கும் கியூபிசிஆரில் காமா ஏறுகிறது. பீட்டா மட்டும் சிடி (Ct, எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்ற எண்; கூடினால் அளவு குறைவு) 34-லேயே நிற்கிறது. மரபணுவைத் தேடிப் பிடிக்கும் ப்ரைமர் பழுதா?

ப்ரைமரைத் திட்டாதீர்கள். கே562 ஒரு ரத்தப் புற்றுநோயாளியிடமிருந்து வந்த செல் வரிசை. எப்சிலான், காமா, சீட்டா (ஆல்ஃபா குடும்பத்தின் கருக்கால வகை) ஓடும், பீட்டா அணைந்தே இருக்கும். ஹீமின் எவ்வளவு போட்டாலும் திறக்காது. ப்ரைமரைச் சோதிக்க, பெரியவர் ஒருவரின் முழு ரத்தத்து சி.டி.என்.ஏ.வை (ஆர்.என்.ஏ.விலிருந்து எடுத்த டி.என்.ஏ. நகல்) தட்டின் ஒரு குழியில் வையுங்கள். பீட்டா சீக்கிரமே ஏறிவிடும்.

அந்தச் சிவப்பிலும் ஒரு பங்கு ஒட்டிய ஹீமின்தான். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். பிசிஆரை நடத்தும் டாக் நொதியையும் ஹீம் தடுக்கும்: சி.டி.என்.ஏ.வை 10 மடங்கு நீர்த்தால் சிடி 3.3 ஏற வேண்டும். 2 மட்டுமே ஏறினால் தடுப்பான் இருக்கிறது, ஆர்.என்.ஏ.வை மீண்டும் சுத்தம் செய்யுங்கள். ஹீமோகுளோபின் உள்ள செல்லைக் காட்டப் பயன்படுத்தும் பென்சிடின் சாயம் புற்றுநோய் உண்டாக்கும். கையுறையும் புகைக்கூண்டும் இல்லாமல் தொடாதீர்கள்.

காமாவிலிருந்து பீட்டாவுக்கு மாறுவதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஹூடெப்-2 செல் வரிசை, அல்லது பெரியவரின் சிடி34 (CD34) செல், அதாவது ரத்தத்தின் மூல செல். சிடி34-ஐ முதல் ஏழு நாள் எஸ்.சி.எஃப்., ஐ.எல்.-3, எரித்ரோபாய்டின் என்ற வளர்ச்சிப் புரதங்களோடு, அடுத்த நான்கு நாள் ஐ.எல்.-3 இல்லாமல், பிறகு எரித்ரோபாய்டின் மட்டும், டிரான்ஸ்ஃபெரின் மில்லிக்கு 1 மி.கி. என்று வளர்க்கலாம். எஸ்.சி.எஃப்.பை நீட்டினாலும் மாட்டுச் சிசு சீரம் சேர்த்தாலும் காமா தானாகவே ஏறும். உங்கள் மருந்து ஏற்றியதாக எழுதிவிடுவீர்கள். தொப்புள்கொடி ரத்தத்து சிடி34 என்றால் காமா ஆரம்பத்திலேயே அதிகம். முடிவைக் காமா ÷ (காமா + பீட்டா) என்று கொடுங்கள். செல் முதிரும்போது ஒப்பீட்டு மரபணுக்களே இறங்கிவிடுவதால் அவற்றை வைத்துக் கணக்கிட்டால் எல்லாமே ஏறியதுபோலத் தோன்றும்.

மதுரை வாசகர்: கிரிஸ்பர் சிகிச்சையில் பழுதான பீட்டாவைத் திருத்துகிறார்களா? எங்கள் பையனுக்குக் கிடைக்குமா?

காஸ்ஜெவி என்ற அந்தச் சிகிச்சையில் பீட்டாவைத் தொடுவதே இல்லை. காமாவை அணைக்கும் புரதத்தின் பெயர் பிசிஎல்11ஏ. அது காமாவின் முகப்பில், −115 அருகே வந்து ஒட்டுகிறது. அந்தப் புரதத்தை உடல் முழுக்க ஒழித்தால் மூளைக்கும் பி செல்லுக்கும் கேடு. ஆனால் அதன் மரபணுவுக்குள் சிவப்பணுவில் மட்டும் வேலை செய்யும் ஒரு தூண்டுபகுதி உண்டு. கேட்டா1 வந்து ஒட்டும் இடம் அது. அதை மட்டும் வெட்டுகிறார்கள். சிவப்பணுவில் பிசிஎல்11ஏ குறைகிறது, காமா மீண்டும் விழிக்கிறது, மற்ற செல்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. அமெரிக்க அனுமதிக்குக் காட்டிய ஆய்வில், கணக்கில் எடுத்த 31 சிக்கிள் நோயாளிகளில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதம் கடும் வலி வரவில்லை.

விலை 22 லட்சம் டாலர். பணம் இருந்தாலும் எளிதல்ல: ஸ்டெம் செல்லை எடுத்து, வெளியே வெட்டி, திரும்பச் செலுத்துமுன் பஸல்ஃபான் மருந்தால் பழைய மஜ்ஜையைத் துடைத்தெடுக்க வேண்டும். வாய்ப்புண், தொற்று, பிற்காலத்தில் குழந்தைப்பேறு இல்லாமல் போவது எல்லாம் அந்த மருந்தோடு வருபவை.

உங்கள் பையனுக்கு இன்று கையில் இருக்கும் வழி, உடன்பிறந்தவரின் மஜ்ஜை. எச்.எல்.ஏ. (செல்களின் அடையாளப் புரதங்கள்) பொருந்த ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் 25 சதவீத வாய்ப்பு. கேரியராக இருந்தாலும் தானம் செய்யலாம். ஈரல் இரும்பால் கெடுவதற்கு முன், சிறு வயதிலேயே செய்தால் பலன் அதிகம். பொருத்தமான உறவினர் தானம் உள்ள குழந்தைகளுக்கு, கோல் இந்தியா நிதியில் 2017-இல் தொடங்கிய தலசீமியா பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யும் மையத்திலேயே விண்ணப்பம் கேளுங்கள். அதுவரை பையனுக்கு ஏற்றும் ரத்தம் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாருடையதாகவும் இருக்க வேண்டாம். அவர்களின் ரத்தத்துக்கு எதிராக இப்போதே உடல் பழகிவிட்டால், நாளை அதே வீட்டிலிருந்து வரும் மஜ்ஜையை ஏற்க மறுக்கக்கூடும்.